லட்லமைட்டைக் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லட்லமைட் நீரேறிய இரும்பு பாஸ்பேட் கனிமம். இங்கிலாந்தின் கார்ன்வாலில் உள்ள வீல் ஜேன் வெள்ளீயச் சுரங்கத்தில் கிடைத்த இதற்கு, 1877-இல் ஹென்றி லட்லம் என்ற கனிமச் சேகரிப்பாளரின் பெயரைச் சூட்டினார்கள். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், பிளாக்பேர்ட் சுரங்கத்திலும் அழகான படிகங்கள் கிடைத்திருக்கின்றன.

பச்சையாக இருக்கிறது, ஆகவே லட்லமைட் என்று முடிவுகட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. அதே பாறையில் ஒட்டி வளரும் விவியனைட் என்ற இன்னொரு இரும்பு பாஸ்பேட் கனிமமும் பச்சையாக இருக்கலாம். வெட்டியெடுத்த புதிதில் நிறமற்றோ வெளிர்பச்சையாகவோ இருக்கும் விவியனைட், வெளிச்சமும் காற்றும் பட்டதும் நீலமாகக் கறுக்கத் தொடங்கும். உடைந்த துணுக்கு ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பாருங்கள். விவியனைட்டில் கீறல் விழும், லட்லமைட்டில் விழாது. நல்ல படிக முகத்தில் மட்டும் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

ஆய்வகத்துக்கு அனுப்புகிறவர்களும் ஏமாறுவது உண்டு. தனிமப் பகுப்பாய்வில் இரும்பும் பாஸ்பரசும் வந்துவிட்டதாலேயே பெயரை உறுதி செய்துவிடுகிறார்கள். இரண்டு கனிமங்களிலும் இரும்புக்கும் பாஸ்பரசுக்கும் உள்ள அணு விகிதம் ஒன்றே, 3:2. வேறுபாடு நீரில்தான் இருக்கிறது: லட்லமைட்டில் நான்கு நீர் மூலக்கூறுகள், விவியனைட்டில் எட்டு. மின்னணு நுண்ணோக்கியோடு இணைந்த வழக்கமான எக்ஸ் கதிர்ப் பகுப்பாய்வு ஹைட்ரஜனைக் காட்டாது. படிக அமைப்பைப் படிக்கும் எக்ஸ் கதிர் விளிம்புவிளைவுச் சோதனையையோ ஒளிச்சிதறலை அளக்கும் ராமன் நிறமாலையையோ கேட்டு வாங்குங்கள். செலவழித்தாலும் அதற்குத்தான் செலவழிக்க வேண்டும்.

துருக்கறையைப் போக்க அமிலத்தில் ஊறவைப்பது இன்னொரு கொடுமை. துருவைக் கரைக்கும் அமிலம் இரும்பு பாஸ்பேட்டை மட்டும் விட்டுவைக்குமா? பளபளத்த முகங்கள் மங்கி அரித்துப்போகும். மீயொலி அதிர்வால் சுத்தம் செய்யும் தொட்டியும் ஆகாது. லட்லமைட் ஒரு தளத்தில் எளிதாகப் பிளந்துவிடும். மென்மையான தூரிகையும் சிறிது தண்ணீருமே போதும். விவியனைட் ஒட்டியிருக்கும் மாதிரியை இருட்டில் வையுங்கள்.

படிகத்தை மட்டும் பெயர்த்தெடுத்துத் தாய்ப்பாறையை வீசிவிடாதீர்கள். அதிலுள்ள சிடரைட், பைரைட் போன்ற இரும்புக் கனிமங்கள் லட்லமைட் உருவான சூழலைச் சொல்லும் சாட்சிகள். மாதிரியோடு வைக்கும் விவரச் சீட்டில் வெறுமனே 'கார்ன்வால்' என்று எழுதுவதும் தவறு. சுரங்கத்தின் பெயரும், தெரிந்தால் எந்த ஆழம் என்பதும் வேண்டும். வீல் ஜேன் 1991-இல் மூடப்பட்டுவிட்டது. அங்கே மறுபடி இறங்கிச் சரிபார்க்க வழியில்லை என்பதால், மங்கிப்போன பழைய சீட்டையும் புதிய சீட்டோடு சேர்த்தே பத்திரப்படுத்துங்கள்.