ஹெட்மாஸ்டரைச் சரக்கு மாஸ்டர் ஆக்க வேண்டாம்: பள்ளித் தலைமைக் கொள்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வளரும் நாடுகளில் கல்விச் சீர்திருத்தம் என்றாலே இப்போது தலைமையாசிரியர் பயிற்சி வந்துவிடுகிறது. பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பயின்றதைச் செய்ய அவருக்கு நேரம் இருக்கிறதா என்று பார்க்காமல் விடுவதுதான் முதல் தவறு.

கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கமோ தேவிகுளம் மலையிலோ ஒரு தமிழ் வழி எல்.பி. பள்ளியை, அதாவது கீழ்நிலைத் தொடக்கப் பள்ளியை, எடுத்துக்கொள்ளுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின்படி, தொடக்கப் பள்ளியில் 150 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் தனியாக ஒரு தலைமையாசிரியர். எல்லையோரத்துச் சின்னப் பள்ளிகளில் அந்தக் கணக்கு எங்கே தேறுகிறது? ஆகவே எச்.எம்.மும் ஒரு வகுப்பைக் கட்டி மேய்க்க வேண்டும். நடுவில் மதிய உணவுக்குக் காய்கறி, முட்டை, பால் எல்லாம் அவர் பொறுப்பு. அரசுப் பணம் தாமதமானால் கைக்காசு போகும், இல்லாவிட்டால் மளிகைக் கடையில் கடன். அப்புறம் ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அலுவலர்) ஆபீஸிலிருந்து மலையாளத்தில் சர்க்குலர் வரும். தமிழ்ப் பெற்றோருக்கு அதை விளக்குவதும் அவரே. சக ஆசிரியரின் வகுப்பில் போய் உட்கார்ந்து, "கழித்தலை இப்படிச் சொல்லிப் பாருங்க டீச்சர்" என்று சொல்ல எந்தப் பீரியடில் முடியும்? தலைமை என்பதே அந்த வேலைதானே! நாலைந்து பள்ளிகளுக்குப் பொதுவாக ஒரு கிளார்க் போட்டாலே பாதிச் சுமை இறங்கும்.

அடுத்தது சீனியாரிட்டி. பழைய பென்ஷனில் உள்ளவர்களுக்குக் கேரளத்தில் ஓய்வு வயது 56. பதவி கைக்கு வரும்போது பலருக்கு ஓரிரு வருடம்தான் மிச்சம். பிள்ளைகளின் முகம் பழகுவதற்குள் பிரிவுபசார விழா. சரி, சீனியாரிட்டியைத் தூக்கிவிடலாமா? சிபாரிசு புகுந்துவிடும். சிலி நாட்டில் 2011 சட்டப்படி நகராட்சிப் பள்ளி முதல்வருக்குத் திறந்த போட்டி, ஐந்தாண்டுப் பதவி. அது இங்கே அப்படியே வேர் பிடிக்காது. ஆனாலும் அந்த ஐந்தாண்டை மட்டுமாவது கடன் வாங்கலாம்.

காகிதத்தை நம்புவது இன்னொரு தவறு. மத்தியப் பிரதேசத்தில் பள்ளிகளை மதிப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் மேம்பாட்டுத் திட்டம் எழுத வைத்தார்கள். பொருளியல் ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட முடிவு இது: திட்டங்கள் ஒழுங்காக எழுதப்பட்டன, பாடம் நடத்தும் விதமும் பிள்ளைகளின் கற்றலும் மாறவில்லை. அப்படியும் அதே முறை நாடெங்கும் பரப்பப்பட்டது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்கிறது சட்டம். ஆனால் காலை 11 மணிக்குக் கூட்டம் வைத்தால், கொழுந்து பறிக்கிற அம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டா வருவார்? மினிட்ஸ் நோட்டுதான் கையெழுத்துக்கு அவர் வீடு தேடிப் போகும். வேலை முடிந்த பிறகு, தமிழில், ஒருமுறை கூட்டிப் பாருங்கள். அநேகமாக முதல் கேள்வி கழிப்பறையில் தண்ணீர் வராததைப் பற்றித்தான் இருக்கும்.