முயல் கூண்டின் தரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாயின் பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் அடியில் மெத்தென்று தடித்த சதை இருக்கும். பூனைக்கும் அப்படித்தான். முயலுக்கு அது கிடையாது. பாதம் முழுக்க முடி. முடிக்குக் கீழே மெல்லிய தோல். தோலை ஒட்டியே எலும்பு. முயல் உட்காரும்போது உடம்புப் பாரத்தில் பெரும்பங்கு பின்னங்கால் குதியில்தான் இறங்கும். பகலில் பெரும்பாலான நேரம் அது உட்கார்ந்தும் படுத்தும்தான் இருக்கும். அதனால் கூண்டு வாங்கப் போனால் நிறத்தையும் பூட்டையும் பார்ப்பதற்கு முன்னால் குனிந்து அடித்தளத்தைப் பாருங்கள்.

கடைகளில் விற்கும் கூண்டுகள் பலவற்றில் அடியிலும் வெறும் கம்பிதான். கேட்டால், "புழுக்கையும் மூத்திரமும் கீழ போயிரும்லா, கழுவுற வேலை மிச்சம்" என்பார்கள். இறைச்சிக்கு முயல் வளர்க்கும் பண்ணைகளில் இருந்து வந்த பழக்கம் அது. அங்கே குட்டி சில மாதங்களில் எடை ஏறி விற்பனைக்குப் போய்விடும். வீட்டு முயலோ நன்றாகப் பார்த்துக்கொண்டால் எட்டு, பத்து வருடம் இருக்கும். அத்தனை வருடமும் கம்பி மேலேயே நிற்க வைத்தால் குதியில் முடி உதிரும், தோல் சிவக்கும், காய்ப்பு விழும், பிறகு வெடித்துப் புண்ணாகும். விட்டுவிட்டால் சீழ் எலும்பு வரைக்கும் போகும். உடம்பு கனத்த இனங்களுக்கும், பாதத்தில் முடி குறைவான ரெக்ஸ் இனத்துக்கும் இது சீக்கிரமே வரும். பண்ணையில்கூட விவரம் தெரிந்தவர்கள் தாய் முயல் கூண்டில் ஒரு பலகை போட்டு வைப்பதுண்டு.

கம்பியிலும் மோசம், செலவு குறைவு என்று அறுகோணக் கண் வைத்த கோழி வலையை அடியில் அடிப்பது. கம்பி மெலிசு, நடுவில் தொங்கும், கண்ணுக்குள் கால் போய் மாட்டும். மாட்டிய முயல் பொறுமையாக நிற்காது, பயத்தில் உதறும். முயலின் எலும்பு லேசானது. அந்த ஒரு உதறலில் முறிந்துவிடும். கோழி வலை அடித்திருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

ஏற்கெனவே கம்பிக் கூண்டு வாங்கியாகிவிட்டது என்றால் தூக்கிப் போட வேண்டாம். 14 கேஜ் கனமுள்ள, அரை அங்குலத்துக்கு ஓர் அங்குலக் கண் வைத்த வெல்ட் மெஷ்ஷாக (பற்றவைத்த கம்பி வலையாக) இருந்தால் கால் மாட்டாது. அதன் மேல் பாதி இடத்துக்காவது பலகை போடுங்கள். பெயின்ட், வார்னிஷ் அடிக்காத சாதாரண மரப்பலகை போதும். இரண்டு பலகை வைத்துக்கொண்டு, ஒன்று கூண்டில் இருக்கும்போது மற்றதைக் கழுவி வெயிலில் காய வைக்கலாம். வெயிலுக்கு நம் ஊரில் என்ன குறை?

சரி, வீட்டுக்குள்ளேயே விட்டுவிடலாமே என்று ஹாலில் திறந்து விடுகிறவர்களும் இருக்கிறார்கள். வழுவழு டைல்ஸில் முயலுக்குப் பிடிமானமே கிடைக்காது. பின்னங்கால் இரண்டு பக்கமும் விரிந்து விரிந்து போகும். வளரும் குட்டிக்கு அந்தக் கோணலே நிலைத்துவிடக்கூடும். ஓடித் திரிகிற இடத்தில் பாய் விரித்துவிடுங்கள். ஆனால் டைல்ஸ் முழுக்கவே ஆகாதது என்றும் சொல்ல முடியாது. சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டையில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது முயல் தவித்துப்போகும். அப்போது கூண்டின் ஒரு மூலையில், சொரசொரப்பு மேலே இருக்கும்படி மாடித் தளத்தில் பதிக்கும் தட்டு ஓடு ஒன்றோ டைல்ஸ் துண்டோ வைத்துக் கொடுத்தால், தானே போய் வயிற்றை அதில் ஒட்டிப் படுத்துக்கொள்ளும்.

விரிப்பு என்று வரும்போது நம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களுக்குக் கையருகிலேயே நல்ல பொருள் இருக்கிறது: கோரைப்பாய். மெத்தென்று இருக்கும், கால் வழுக்காது, கொறித்தாலும் உள்ளே போவது புல்தான். ஆனால் பத்தமடைப் பாய் என்று சொன்னாலே போதும் என்று வாங்கிவிடாதீர்கள். பாயை வெளிச்சத்தில் பிடித்து, கோரையை ஒதுக்கி, குறுக்கே ஓடும் பாவு நூலைப் பாருங்கள். விலை குறைந்த பாய்களில் அது பிளாஸ்டிக் அல்லது நைலான் நூலாக இருக்கும். முயல் ஓரத்தில் இருந்துதான் கொறிக்கத் தொடங்கும். கோரை தீர்ந்ததும் நூல் வாயில் வரும். பருத்தி நூலில் நெய்த, சாயம் ஏற்றாத பாயாகப் பார்த்து வாங்கி, கூண்டளவுக்கு வெட்டி, ஓரத்தைப் பிரியாமல் உள்ளே மடித்துப் போடுங்கள். நூல் வெளியே தெரிந்துவிட்டால் பாயை எடுத்துவிட வேண்டியதுதான். நூலே இல்லாமல் பின்னும் பனை ஓலைப்பாயும் நல்லதுதான், ஈர்க்கு குத்தாமல் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தால் சரி.

இதில் இவ்வளவு கவனம் எதற்கு என்றால், முயலால் வாந்தி எடுக்க முடியாது. விழுங்கிய நூலும் ரப்பரும் குடலில் அடைத்துக்கொண்டால் அது உயிருக்கே ஆபத்து. பழைய கார்பெட், டர்க்கி டவல், குழந்தைகள் விளையாடும் ஃபோம் மேட், உரச்சாக்கு எல்லாவற்றையும் இந்தக் காரணத்துக்காகத்தான் வேண்டாம் என்கிறேன். சாக்கின் இழை முயலின் விரலில் சுற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்துவதும் உண்டு.

மரத்தூளைப் பலரும் சும்மா கிடைக்கிறது என்று அள்ளி வருகிறார்கள். முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி. பொடித்தூள் மூக்கில் ஏறினால் தும்மலும் சளியுமாகப் படுத்திவிடும். தச்சுப்பட்டறைத் தூளில் பிளைவுட் பசையும் கலந்திருக்கும். அதற்கு வைக்கோல் எவ்வளவோ மேல். பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்ததும் வயல்காட்டில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். கட்டைப் பிரித்து உள்ளே கையை விட்டுப் பாருங்கள்: வெதுவெதுப்போ, பூசண வாடையோ, கறுப்புப் புள்ளியோ இருந்தால் வேண்டாம். இயந்திரக் கட்டில் சுற்றிய பிளாஸ்டிக் கயிற்றை முழுக்க எடுத்த பிறகுதான் கூண்டில் போட வேண்டும்.

ஈரம் இன்னொரு எதிரி. தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் காலத்திலும், எல்லா இடத்திலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் வைக்கோல் காயவே காயாது. ஈர வைக்கோலில் கிடந்து வாலடி நனைந்தால் அங்கே ஈ முட்டை வைக்கும், புழு வைத்துச் சதையைத் தின்னத் தொடங்கும். ஓரிரு நாளில் முயல் போய்விடும். அந்த மாதங்களில் விரிப்பைத் தினமும் மாற்றுங்கள், வாலடியைத் தினமும் பாருங்கள்.

கழுவுகிற வேலையை நினைத்துத்தானே எல்லாரும் கம்பித் தரைக்குப் போகிறார்கள்? முயல் பெரும்பாலும் ஒரே மூலையில்தான் மூத்திரம் பெய்யும். இரண்டு, மூன்று நாள் கவனித்து அந்த மூலையில் ஒரு அகலமான பிளாஸ்டிக் தட்டு வைத்து, பழைய செய்தித்தாளும் மேலே வைக்கோலும் போட்டுவிட்டால் மற்ற இடம் பெரும்பாலும் காய்ந்தே இருக்கும். தட்டில் படியும் வெள்ளை உப்பு, வினிகர் ஊற்றி ஊற வைத்தால் போய்விடும். பினாயில் வேண்டாம். மூத்திரமோ வினிகரோ உள்ள தட்டில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டவே கூடாது. கிளம்பும் வாயு முயலுக்கும் ஆகாது, நமக்கும் ஆகாது.

நகத்தையும் தரையோடு சேர்த்தே நினைக்க வேண்டும். மண்ணில் நகம் உள்ளே இறங்கும். கெட்டித் தரையில் நீண்ட நகம் விரலை மேலே தூக்கிவிடும், பாரம் முழுக்கக் குதிக்குப் போகும். எவ்வளவு நல்ல பாய் போட்டாலும் நகம் வெட்டாவிட்டால் குதி புண்ணாகலாம்.

வாரம் ஒருமுறை ஒருவர் முயலை மார்போடு அணைத்துப் பிடிக்க, இன்னொருவர் பின்னங்குதியின் முடியை விலக்கிப் பாருங்கள். காதைப் பிடித்துத் தூக்காதீர்கள். வலியை முயல் வெளியே காட்டாது. நொண்டத் தொடங்கும்போது புண் முற்றியிருக்கும். தோல் சிவந்திருந்தால் தரையை மாற்றுங்கள். வெடிப்போ சீழோ தெரிந்தால் வீட்டு மருந்து எதையும் தடவாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். திருநெல்வேலியில் இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. போகும்போது கூண்டின் தரையையும் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள், புண் எதனால் வந்தது என்று மருத்துவர் கண்டுபிடிக்க அது உதவும்.