இரத்தத்தில் சோடியம் குறைந்தால் காரணத்தைக் கண்டறிவது எப்படி?

வீட்டுப் பெரியவருக்கு நடையில் தள்ளாட்டமும் பேச்சில் குழப்பமும் வந்து, இரத்தப் பரிசோதனையில் சோடியம் 124 என்று தெரிந்தால், பல வீடுகளில் உடனே சாப்பாட்டில் உப்பைக் கூட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இருப்பதில்லை. ஒரு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்கவேண்டிய அந்த எண், உடலில் மொத்தம் எவ்வளவு உப்பு உள்ளது என்பதைக் காட்டுவதில்லை. தண்ணீருக்கும் உப்புக்கும் உள்ள விகிதத்தையே காட்டுகிறது. ரசத்தில் தண்ணீர் கூடினாலும் உப்புக் குறைந்ததாகத்தானே நாக்குக்குத் தெரியும்? ஆகவே, தண்ணீர் ஏன் தங்கியது, அல்லது உப்பு எந்த வழியாக வெளியேறியது என்பதையே தேடவேண்டும்.

வலிப்பு, நினைவு மங்குதல், அடங்காத வாந்தி, கடும் குழப்பம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால், காரணம் தேடிக்கொண்டிருக்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

மற்றவர்கள் மாத்திரை டப்பாவிலிருந்து தொடங்கலாம். முதியவர்களிடம் அடிக்கடி அகப்படும் காரணம் அங்கேதான் இருக்கிறது. இரத்த அழுத்த மாத்திரையின் அட்டையைத் திருப்பி, பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளைப் பொறுமையாகப் படியுங்கள். டெல்மிசார்டன் 40 மி.கி. என்பதற்குக் கீழே ஹைட்ரோகுளோரோதயசைட் 12.5 மி.கி. என்று இருக்கலாம், மருந்தின் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ‘எச்’ என்ற ஓர் எழுத்து பல நேரங்களில் அதைத்தான் குறிக்கிறது. குளோர்தாலிடோன், இண்டபமைட் ஆகியவையும் இதே வகைப்பட்ட, சிறுநீரைக் கூட்டும் மருந்துகளே. இவை தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே சோடியத்தைக் குறைக்கக்கூடும். ஆண்டுக்கணக்கில் ஒத்துக்கொண்ட மாத்திரைகூட, இரண்டு நாள் வயிற்றுப்போக்கு வந்தவுடன் திடீரென்று தொல்லை தரக்கூடும். மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் தரும் கார்பமசெபின், ஆக்ஸ்கார்பசெபின் ஆகியவையும் உடலில் தண்ணீரைத் தங்கவைத்துச் சோடியத்தைக் குறைக்கும். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். அட்டைகள் அனைத்தையும் பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

அடுத்து, கடந்த ஒரு வாரத்தில் என்ன வெளியேறியது, என்ன உள்ளே போனது என்று எழுதிப் பாருங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் வியர்வை ஆகியவற்றில் உப்பும் நீரும் சேர்ந்தே போகின்றன. அதை வெறும் தண்ணீரால் மட்டும் ஈடுகட்டினால் சோடியம் இறங்கிவிடும். இன்னொன்று பலரும் கவனிக்காதது. பசியில்லை என்று கஞ்சியும் ரஸ்க்கும் டீயுமாக நாளைக் கழிக்கும் பெரியவரிடம், ‘தண்ணீர் நிறையக் குடியுங்கள்’ என்று சொல்லி மூன்று லிட்டர் குடிக்கவைக்கிறோம். சிறுநீரகம் தண்ணீரை வெளியேற்ற, புரதத்திலிருந்து வரும் யூரியாவும் உப்பும் போதிய அளவு தேவை. அவை உணவில் இல்லாதபோது அதிகப்படியான நீர் உடலிலேயே தங்கிவிடுகிறது.

கால் வீக்கம், மூச்சுத்திணறல், வயிறு உப்பல் இருந்தால், இதயச் செயலிழப்பு, கல்லீரல் சுருக்கம், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். இவர்களின் உடலில் உப்பு ஏற்கெனவே மிகுதி. தண்ணீர் அதைவிட மிகுதி. இவர்களுக்கு உப்பைக் கூட்டுவது நேரடியான தீங்கு.

வீக்கமும் இல்லை, நீரிழப்பும் இல்லை என்றால், தண்ணீரைத் தேக்கும் ஏடிஎச் ஹார்மோன் தேவையில்லாத நேரத்தில் சுரக்கிறதா என்று மருத்துவர் யோசிப்பார். நிமோனியா, காசநோய், நுரையீரல் புற்றுநோய், மூளைக்காய்ச்சல், தலைக்காயம், அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலி ஆகிய பலவும் அதைத் தூண்டக்கூடும். கடுமையான தைராய்டு குறைவையும், சிறுநீரகத்துக்கு மேல் உள்ள அட்ரினல் சுரப்பியின் குறைபாட்டையும் விலக்கிய பிறகே இந்த முடிவுக்கு வரவேண்டும். நீண்ட நாள் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினாலும் அட்ரினல் தடுமாறும். மூட்டுவலிக்கென்று வாங்கிய பெயரில்லாப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும் என்பதால், அவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பரிசோதனையில், இரத்தத்தின் ஆஸ்மோலாலிட்டி (அதில் கரைந்துள்ள பொருள்களின் செறிவு), சிறுநீரின் ஆஸ்மோலாலிட்டி, சிறுநீரில் சோடியம் ஆகிய மூன்றும் முக்கியமானவை. முடிந்தால் டிரிப்ஸ் ஏற்றுவதற்கு முன்பே மாதிரி எடுப்பது நல்லது. சிறுநீரின் ஆஸ்மோலாலிட்டி 100க்குக் கீழே இருந்தால் மிகையான தண்ணீரையோ குறைவான உணவையோ சந்தேகிக்கலாம். அது 100க்கு மேல் இருந்து, சிறுநீரில் சோடியம் 30க்கு மேலும் இருந்தால், மருந்து, ஏடிஎச், அட்ரினல், சிறுநீரகம் என்ற பக்கம் தேடல் திரும்பும். இரத்தச் சர்க்கரையையும் உடன் பாருங்கள்: சர்க்கரை 100 மி.கி. கூடும்போது சோடியம் ஏறத்தாழ 2 மில்லிமோல் குறைவாகத் தெரியும். குளுக்கோஸ் டிரிப்ஸ் ஏறும் கையிலேயே இரத்தம் எடுத்திருந்தால், வேறு கையில் எடுத்து மீண்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

காரணம் தெரிந்ததும் சோடியத்தை விரைவாக ஏற்றிவிடச் சொல்லி மருத்துவரை நெருக்காதீர்கள். நாட்பட்டுக் குறைந்த சோடியத்தை ஒரே நாளில் 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் உயர்த்தினால், மூளை நரம்புகளின் உறை சிதைந்து, பேச்சும் கைகால் அசைவும் நிரந்தரமாகப் பாதிக்கப்படக்கூடும். ஒரு மருந்துதான் காரணம் என்று உறுதியானால், அதன் மூலப்பெயரை நோயாளியின் கோப்பில் முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதி வையுங்கள்; வேறு மருத்துவர் அதே மருந்தை வேறு பெயரில் தருவது அடிக்கடி நடக்கிறது.