கொழுப்பைக் குறைத்தீர்கள், சரி. அந்த இடத்தில் எதை வைத்தீர்கள்?

கொலஸ்ட்ரால் கூடுதல் என்று பரிசோதனையில் வந்ததும் பலரும் முதலில் எண்ணெய், வெண்ணெய், பருப்புக் கொட்டைகள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுகிறார்கள். சில மாதம் கழித்துப் பார்த்தால் 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்.டி.எல். கொஞ்சம் இறங்கியிருக்கும், ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பு வகையான டிரைகிளிசரைடு ஏறியிருக்கும். கொழுப்பையே தொடவில்லையே, இது எங்கிருந்து வந்தது என்று குழம்பிப்போகிறார்கள்.

கொழுப்பு போன இடத்துக்கு வெள்ளை ரொட்டியும் பிஸ்கட்டும் பழச்சாறும் வந்திருக்கும். தேவைக்கு மிஞ்சிய சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி, வி.எல்.டி.எல். என்ற துகள்களில் ஏற்றி ரத்தத்துக்குள் அனுப்புகிறது. வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் டிரைகிளிசரைடாகத் தெரிவது பெரும்பாலும் இந்தத் துகள்களில் இருப்பதுதான். பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸும் மதுவும் இதை இன்னும் தூண்டும். கூடவே 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்.டி.எல். இறங்கும்.

அதே வெண்ணெயை நிறுத்திவிட்டு சூரியகாந்தி அல்லது சோயா எண்ணெய், வால்நட், மீன் என்று மாறியிருந்தால் எல்.டி.எல். இறங்கியிருக்கும், டிரைகிளிசரைடும் இப்படி ஏறியிருக்காது. இரண்டிலும் நிறுத்தியது ஒரே வெண்ணெயைத்தான். அதனால்தான் எண்ணெயே வேண்டாம் என்ற அறிவுரையை என்னால் ஏற்க முடிவதில்லை. முற்றிலும் ஒதுக்க வேண்டியது, எண்ணெயை ஆலையில் கெட்டியாக்கும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு ஒன்றைத்தான். அது எல்.டி.எல்.லை ஏற்றும், எச்.டி.எல்.லையும் இறக்கும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. மாவுச்சத்தை வெட்டிவிட்டு, வெண்ணெயும் கொழுத்த இறைச்சியும் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நினைப்பது. எடை குறையும், ரத்தச் சர்க்கரை குறையும், டிரைகிளிசரைடும் நன்றாகவே இறங்கும்; இதெல்லாம் உண்மையான நன்மைதான். ஆனால் ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லைப் பிடித்து இழுக்கும் ஏற்பிகள் கல்லீரலில் இருக்கின்றன. வெண்ணெயிலும் கொழுத்த இறைச்சியிலும் நிறைய இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தால் அவற்றின் வேலை மந்தமாகும். சிலருக்கு, குறிப்பாக ஒல்லியானவர்களுக்கு, எல்.டி.எல். மளமளவென்று ஏறிவிடும்.

அப்போது, 'எச்.டி.எல். உயர்ந்திருக்கிறதே, அது காப்பாற்றும்' என்று சமாதானம் சொல்லிக்கொள்வதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. எச்.டி.எல்.லை வெகுவாக உயர்த்திய டார்செட்ரபிப் என்ற மருந்தின் சோதனையை 2006-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். அதைச் சாப்பிட்டவர்களிடையே மரணம் அதிகமாகியிருந்தது. எச்.டி.எல். கூடியதை வைத்து எல்.டி.எல்.லைக் கழித்துவிட முடியாது.

மொத்தக் கொலஸ்ட்ரால் எண்ணை மட்டும் பார்ப்பதும் போதாது. அதிலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்துப் பாருங்கள். மிஞ்சுவதில் எல்.டி.எல்., வி.எல்.டி.எல். இரண்டுமே அடங்கும்.

மாவுச்சத்து எல்லாமே ஒன்று என்று நினைப்பதும் தவறு. ஓட்ஸ், பயறு வகைகளில் உள்ள கரையும் நார்ச்சத்து குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றும். புதிதாகப் பித்தம் தயாரிக்கக் கல்லீரல் ரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும். ஆக, எல்.டி.எல்.லை இறக்குகிற மாவுச்சத்து உணவும் இருக்கிறது.

அப்புறம், உணவை மாற்றிய அடுத்த வாரமே பரிசோதனைக்கு ஓடாதீர்கள். ஆறு முதல் எட்டு வாரம் விடுங்கள். டிரைகிளிசரைடு (மி.கி./டெ.லி. அளவில்) 400-ஐத் தாண்டியிருந்தால், வழக்கமான சூத்திரத்தில் கணக்கிட்ட எல்.டி.எல். எண்ணை நம்ப முடியாது. நேரடியாக அளக்கச் சொல்லுங்கள். 500-ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்து இருக்கிறது. அப்போது உணவை மாற்றிப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.