தர்மபுரி எழுத்தறிவு 60.9ஆ, 68.54ஆ? சென்சஸ் நம்பரை எப்படி பாக்கறது

நம்ம தர்மபுரி பத்தி பேச்சு வந்தாலே "எழுத்தறிவுல தமிழ்நாட்டுலயே கடைசி"ன்னு ஒரு வரி வந்துடும், கூடவே சில பேர் 60.9%னு போடுவாங்க, சில பேர் 68.54%னு போடுவாங்க, ரெண்டும் 2011 சென்சஸ்தான், ரெண்டுமே பொய் இல்ல. ஸ்கூல் ப்ராஜெக்ட், டிஎன்பிஎஸ்சி நோட்ஸ்னு எழுதறவங்க இத கவனிக்காம விட்டா நம்ம ஊரு இருக்கறத விட கீழ போயிடும்.

மொதல்ல எத வெச்சு வகுத்திருக்காங்கன்னு பாருங்க. மாவட்ட ஜனத்தொகை 15,06,843. அதுல 0-6 வயசு குழந்தைங்க 1,67,940. எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க சுமாரா 9.18 லட்சம் பேரு. இத மொத்த ஜனத்தொகையால வகுத்தா 60.9 வரும், தொட்டில்ல கெடக்கற புள்ளையும் அதுல கணக்கு. குழந்தைங்கள கழிச்சிட்டு 7 வயசுக்கு மேல இருக்கறவங்களால வகுத்தா 68.5 வரும், சென்சஸ்ல எழுத்தறிவு விகிதம்னு சொல்றது இதத்தான். இந்தியா சராசரின்னு எல்லாரும் போடற 72.99ம் இப்படி கழிச்சு வந்ததுதான். அதனால 60.9ஐ 72.99 பக்கத்துல வெச்சு ஒப்பிடவே கூடாது, அதுக்கு ஜோடி 63 (நாடு முழுக்க குழந்தைங்களயும் சேத்து வகுத்தா வர்றது). பல எடத்துல தப்பா ஜோடி சேத்துதான் போட்டிருக்காங்க, அப்படியே காப்பி பண்ணாதீங்க.

கடைசி மாவட்டம்ங்கறது என்னவோ நெஜம்தான், தமிழ்நாடு 80.09, கிருஷ்ணகிரி 71.46, நாம 68.54. ஆனா அதோட நிறுத்தாம ஆண் பெண் தனித்தனியா பாருங்க, ஆம்பளைங்க கிட்டத்தட்ட 77, பொம்பளைங்க 60, நம்ம பிரச்சனை முழுக்க இந்த எடைவெளியிலதான் இருக்கு, இத எழுதாத கட்டுரை அரைகுறைதான்.

பழைய கணக்கோட ஒப்பிடறப்போ இன்னொரு விஷயம். 2001ல தர்மபுரின்னா கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் சேந்தது, 28 லட்சத்துக்கு மேல ஜனம், 2004 பிப்ரவரில தான் பிரிச்சாங்க. பிரிச்சதுக்கு அப்புறம் திருத்தின 2001 கணக்க எடுத்துக்கோங்க, இல்லன்னா பாதி ஜனம் காணாம போன மாதிரி வரும். அதே மாதிரி 2011 மார்ச்ல வந்தது தற்காலிக கணக்கு, அதுல நாட்டு எழுத்தறிவு 74.04, இறுதி கணக்குலதான் 72.99.

0-6 வயசு பாலின விகிதத்த தயவுசெஞ்சு தாண்டிப் போகாதீங்க. பையனுங்க 87,777, பொண்ணுங்க 80,163, வகுத்தா 1000 பையனுக்கு 913 பொண்ணு. மொத்த ஜனத்தொகைல இந்த விகிதம் 946, அத மட்டும் பாத்தா சின்னப் பொண்ணுங்க கொறையறது மறைஞ்சிடும், என்னைக் கேட்டா மொதல்ல பாக்க வேண்டிய நம்பரே இதுதான்.

அடுத்த சென்சஸ் 2027ல, மார்ச் 1 நிலவரப்படி கணக்கு. எந்த மொழியா இருந்தாலும் புரிஞ்சு எழுதப் படிக்கத் தெரிஞ்சா எழுத்தறிவு உள்ளவங்கதான், ஸ்கூல் சர்டிபிகேட் தேவையில்ல. ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் தெலுங்கோ கன்னடமோ மட்டும் எழுதப் படிக்கத் தெரிஞ்ச பாட்டி வீட்ல இருந்தா, கணக்கெடுக்க வர்றவங்ககிட்ட "படிக்காதவங்க"ன்னு சொல்லிடாதீங்க, தெரியும்னே பதிய சொல்லுங்க.