ஈசி சுத்தமாக இருக்கிறது, எந்தத் தேதி வரைக்கும்?

பெருந்துறைப் பக்கம் ஒரு ஏக்கர் காடோ, திருப்பூரில் மூன்று சென்ட் சைட்டோ, எதுவானாலும் புரோக்கர் முதலில் நீட்டுவது ஈசி என்கிற வில்லங்கச் சான்றைத்தான். "பாருங்க, ஒரு வில்லங்கமும் இல்லீங்க." அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அந்தத் தாள் எந்தத் தேதி வரைக்கும் பேசுகிறது என்பதைப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதுதான் முதல் தவறு.

1908ஆம் வருடப் பதிவுச் சட்டப்படி, கையெழுத்தான பத்திரத்தை நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டுவந்தால் போதும். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் அபராதத்தோடு இன்னும் நான்கு மாதம் கிடைக்கும். பதிவானபின் அது செல்லுபடியாவதோ எழுதிய நாளிலிருந்து. 47ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஜனவரி 10 அன்று ஒருவர் ஈட்டுப் பத்திரம், அதாவது அடமானப் பத்திரம், எழுதிக் கொடுக்கிறார், அது பதிவாவது ஏப்ரல் கடைசியில் என்று வையுங்கள். பிப்ரவரியில் நீங்கள் போட்ட ஈசியில் ஒன்றும் இருக்காது. மார்ச்சில் கிரயமும் முடித்துவிடுவீர்கள். அப்புறம் பார்த்தால், ஜனவரிக் கடன் உங்கள் கிரயத்துக்கு முந்தியதாக வந்து நிற்கும்.

இந்த இடைவெளியை முழுதாக அடைக்க வழியில்லை, குறைக்கலாம். கிரயத்தன்று காலையில் இன்னொரு ஈசி போடுங்கள். வங்கி, நிதி நிறுவன அடமானங்களுக்கு 2011 முதல் செர்சாய் என்ற மத்தியப் பதிவேடு இருக்கிறது, சிறு கட்டணத்தில் யாரும் தேடலாம். இதை நம் ஊரில் பாதிப் பேர் கேள்விப்பட்டதே இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், மூலப்பத்திரத்தின் அசலைக் கையில் வாங்கிப் பார்ப்பது. கலர் ஜெராக்ஸ் போதாது. "பத்திரம் லாக்கர்ல இருக்குதுங்க" என்றால், யாருடைய லாக்கர் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பத்திரத்தைக் கொடுத்துக் கடன் வாங்குவதும் ஒருவகை அடமானம்தான். அதற்கான ஒப்பந்தம் பதிவாகாத வரை ஈசியில் தலைகாட்டாது. ஃபைனான்ஸ் புழக்கம் அதிகமான ஈரோடு, கரூர் பக்கம் இந்தக் கேள்வியை விடவே கூடாது.

தேடும் விதத்திலும் கோட்டை விடுகிறார்கள். இன்றைய எஸ்.எஃப். நம்பர், அதாவது நிலத்தின் சர்வே எண், 214/2ஏ என்றால், உட்பிரிவுக்கு முந்தைய அடமானம் 214/2 என்ற எண்ணில்தான் இருக்கும். இரண்டையும் போட்டுப் பாருங்கள். சார்பதிவாளர் அலுவலகம் பிரிந்த ஊர் என்றால் பழைய அலுவலகத்திலும் தேட வேண்டும். வங்கி வக்கீல்கள் வழக்கமாக 30 வருடத்துக்குப் பார்ப்பார்கள், நீங்களும் அதற்குக் குறைக்காதீர்கள். பட்டா பெயரில் இருக்கிறதே என்று இதையெல்லாம் விட்டுவிடக் கூடாது, அது வருவாய்த் துறைக் கணக்கு, அடமானத்தைக் காட்டாது.

விற்பவரின் கடன் தீர்ந்துவிட்டது என்று வங்கிக் கடிதத்தைக் காட்டினால், சரி, பதிவான அடமானத்துக்குக் கடன் தீர்ந்த ரசீதும் பதிவாகிவிட்டதா என்று ஈசியில் பாருங்கள். இல்லையென்றால் பழைய அடமானம் அப்படியே நின்றுகொண்டிருக்கும். இதில் வங்கி இழுத்தடித்தால் கடன்காரர் சும்மா இருக்க வேண்டியதில்லை. முழுக் கடனும் அடைந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தந்து, பதிவான அடமானத்தையும் நீக்க வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி உத்தரவு 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது.