ஏடிஎஃப் மருந்தை ஊற்றும் முன்: பழைய ஆட்டோமேட்டிக் வண்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி என் மெக்கானிக் ஷெட்டுக்கு வந்தான். 2010 மாடல் ஐ10 ஆட்டோமேட்டிக். செகண்ட் ஹேண்டில் வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறதாம். கையில் கால் லிட்டர் டியூப் ஒன்று, ஏடிஎஃப்பில், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலில், கலக்கிற மருந்து.

“அண்ணா, இதை எந்த ஓட்டையில ஊத்தணும்?”

“வண்டிக்கு என்ன?”

“கியர் மாறும்போது என்னமோ பண்ணுது.”

இந்த ‘என்னமோ பண்ணுது’ என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். பல வருஷத்துக்கு முன்னால் நானும் இதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு, இதே மாதிரி ஒரு டியூப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவன்தான். அதனால் தம்பியைத் திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.

கியர்பாக்ஸில் இன்ஜின் ஆயிலை ஊற்றுவது, அழுக்குப் புனலை வைப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றைச் செய்கிறவர்கள் இதைப் படிக்கமாட்டார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் செய்யும் தவறுகள்தான் காசைத் தின்பவை.

நடுக்கத்தையும் வழுக்கலையும் ஒன்றாக நினைப்பது

2013-ல் ஒரு பழைய கொரோலா ஆட்டோமேட்டிக் வாங்கினேன். 2004 மாடல், நான்கு கியர், டொயோட்டா டி-4 ஆயில். மேனுவல் கியர்பாக்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுகிற ஆள் நான். ஆட்டோமேட்டிக் மட்டும் என்ன பெரிய வித்தை என்று ஒரு திமிர் இருந்தது.

ஒரு மாதத்தில் கோளாறு தொடங்கியது. இரண்டிலிருந்து மூன்றாவது கியர் விழும்போது ஆர்பிஎம் சட்டென்று ஏறும். வண்டி அதற்கேற்ற வேகம் எடுக்காது. சிக்னலில் வலது பக்கம் திரும்பும்போது இன்னும் மோசம். ஒரு நொடி நியூட்ரலில் விழுந்த மாதிரி இன்ஜின் மட்டும் கத்தும், அப்புறம் ‘டக்’ என்று பிடிக்கும். காலையில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். ஃபுல். ஆயில் இருக்கிறது, அப்படியென்றால் மருந்துதான் வேண்டும் என்று முடிவு செய்து, சென்னை ஜி.பி. ரோடு கடைகளில் விசாரித்து ஒரு டியூப் வாங்கினேன். நடுக்கத்தை நிறுத்தும் என்று அட்டையில் போட்டிருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

ஊற்றியதும் வண்டி அருமையாக ஓடியது. இரண்டு வாரம் பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்த டியூப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் பழையபடி ஆனது. இன்னொரு டியூப் ஊற்றினேன். இந்த முறை பத்து நாள்தான் தாங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜிஎஸ்டி ரோட்டில், வண்டலூர் தாண்டியதும் மூன்றாவது கியர் சுத்தமாகப் பிடிக்கவில்லை. லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். மெக்கானிக்கின் வண்டி லாரி மேல் போவதைத் தெருவே பார்த்தது.

ஆட்டோமேட்டிக் மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனோம். கீழ்த் தட்டைக் கழற்றினார். கறுத்த ஆயில், அடிப்பிடித்த பாத்திரத்தின் வாடை. காந்தத்தின் மேல் விரல் தடிமனுக்குச் சாம்பல் நிறக் களிம்பு. கிளட்ச் பிளேட் ஒன்றை எடுத்து நகத்தால் கீறினார். மேலே ஒட்டியிருந்த காகிதம் போன்ற லைனிங் செதில் செதிலாக உதிர்ந்தது. பக்கத்தில் இருந்த ஸ்டீல் பிளேட்டில் நீல நிறத்தில் சூட்டுத் தழும்பு.

“டிப்ஸ்டிக் பாத்தியா?” என்றார்.

“பாத்தேங்க. ஃபுல்லா இருந்துச்சு.”

“வண்டி ஓடிக்கிட்டு இருந்துச்சா, நின்னுக்கிட்டு இருந்துச்சா?”

நின்றுகொண்டுதான் இருந்தது. இன்ஜினை அணைத்து, ராத்திரி முழுக்க வைத்திருந்து, காலையில் பார்த்தேன். அணைத்து வைத்தால் வால்வ் பாடியிலும் (ஆயிலைக் கிளட்ச்சுகளுக்குப் பிரித்து அனுப்பும் பாகம்) டார்க் கன்வெர்ட்டரிலும் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) இருக்கும் ஆயிலில் ஒரு பங்கு கீழே இறங்கி வந்துவிடும். கோடு ஃபுல் காட்டும். ஓடும்போது உண்மையான அளவு ஒரு லிட்டர் குறைவு. ஆயில் சூடு ஆறுவதற்காக ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் கிளிப் தளர்ந்து, ஓடும்போது மட்டும் கசிந்துகொண்டிருந்தது. நிறுத்தினால் தரையில் ஒரு சொட்டு கூட இருக்காது. திரும்பும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும், பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், கிளட்ச் பிடி விடும். ஆயில் குறைந்திருப்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கியர்பாக்ஸும் வாய்விட்டுச் சொல்லாது.

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்தும் விஷயம் இனிமேல்தான். முதல் டியூப் ஊற்றிய பிறகு இரண்டு வாரம் வண்டி நன்றாக ஓடியதே, அதற்குக் காரணம் மருந்து இல்லை. கால் லிட்டர் அளவு கூடியதுதான். அந்த இடத்தில் வெறும் டி-4 ஆயிலை ஊற்றியிருந்தாலும் அதேதான் நடந்திருக்கும், கிளட்ச்சும் பிழைத்திருக்கும். கிளிப்பின் விலை அப்போது நாற்பது ரூபாய். கியர்பாக்ஸ் ஓவர்ஹாலுக்கு அறுபதாயிரத்துக்கு மேல் போனது.

சரி, மருந்து என்ன செய்தது? ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் கிளட்ச் பிளேட்டுகள் ஆயிலில் ஊறிக்கொண்டே பிடிக்க வேண்டும். பிடிப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை ஆயிலில் கலந்துள்ள உராய்வு மாற்றிகள்தான் தீர்மானிக்கின்றன. அவை உலோகத்தின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, பிளேட் வெடுக்கென்று கவ்வாமல் மெதுவாகச் சேரும்படி செய்கின்றன. (ஒரு காலத்தில் இந்த வேலையைத் திமிங்கில எண்ணெய் செய்தது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடை செய்ததும் சரியான மாற்று கிடைக்காமல் அங்கே கியர்பாக்ஸ் கோளாறுகள் பெருகின.) ஆயில் பழசாகும்போது இந்தப் படலம் தேய்ந்துபோகும். அப்போது டார்க் கன்வெர்ட்டருக்குள், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச் கவ்வி, விட்டு, மறுபடி கவ்வும். அதுதான் நடுக்கம். அதற்கு இந்த டியூப் நிஜமாகவே வேலை செய்யும்.

வழுக்கல் இதற்கு நேர் எதிர். அங்கே பிடிப்பே போதவில்லை. கீல் கிறீச்சிட்டால் எண்ணெய் விடலாம்; கிணற்றுக் கயிறு கையில் வழுக்கிக்கொண்டு போகும்போது உள்ளங்கையில் எண்ணெய் தடவுவார்களா? நான் தடவினேன். இரண்டு தடவை.

எது எது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. நடுக்கம் பெரும்பாலும் 60-லிருந்து 80 கிலோமீட்டர் வேகத்தில், ஆக்சிலரேட்டரை லேசாக வைத்துக்கொண்டு சீராகப் போகும்போது வரும். ரோட்டில் வரிவரியாகப் பெயின்ட் அடித்த இடத்தின் மேல் ஓட்டுகிற மாதிரி ஓர் அதிர்வு. காலியான ரோட்டில், ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு இடது காலால் பிரேக் லைட் எரிகிற அளவுக்கு மட்டும் பெடலைத் தொடுங்கள். பிரேக் சுவிட்ச் லாக்-அப்பை விடுவித்துவிடும். அதிர்வு அந்த நொடியே நின்றால் அது லாக்-அப் நடுக்கம். நிற்காமல் தொடர்ந்தால் ஸ்பார்க் பிளக், காயில் பக்கம் பாருங்கள். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் அது வழுக்கல். டியூப்பைக் கீழே வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. D போட்டதும் ‘டொம்’ என்று இடிப்பதையெல்லாம் கியர்பாக்ஸ் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். பாதி வண்டிகளில் அது கிழிந்துபோன இன்ஜின் மவுன்ட்.

ஆயில் அளவை எல்லா வண்டியிலும் ஒரே மாதிரி பார்ப்பது

டொயோட்டாவில் வண்டியைச் சூடாக ஓட்டிவிட்டு, லீவரை எல்லா இடத்துக்கும் ஒரு சுற்று கொண்டுபோய், P-யில், இன்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும். ஐ10 போன்ற பழைய ஹூண்டாயில் அதே மாதிரிதான், ஆனால் N-ல். ஹோண்டாவில் சூடானதும் இன்ஜினை அணைத்து, ஒன்றரை நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும். மேனுவலைப் புரட்டினால் ஒரே பக்கத்தில் இருக்கும். டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டியும் உண்டு. அதை லிஃப்ட்டில் ஏற்றி, ஆயில் சூட்டை ஸ்கேனரில் பார்த்து அளக்க வேண்டும். அது தெருவோரத்தில் செய்கிற வேலை இல்லை.

ஊற்றியதற்குச் சமமாக வெளியே எடுக்காமல் விடுவது

அளவு சரியாக இருக்கும் வண்டியில் கால் லிட்டர் மருந்து ஊற்றினால், கால் லிட்டர் ஆயிலை டிப்ஸ்டிக் குழாய் வழியாக முதலில் உறிஞ்சி எடுங்கள். கூடுதல் ஆயில் சுழலும் பாகங்களில் பட்டு நுரைக்கும். நுரையால் அழுத்தம் கொடுக்க முடியாது. அதுவும் வழுக்கலில்தான் கொண்டுபோய் விடும்.

செத்த ஆயிலுக்கு மருந்து கொடுப்பது

எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய, காபி நிறத்தில் இருக்கும் ஆயிலில் மருந்தைக் கலக்கிறார்கள். ஊசிப்போன சாம்பாரில் பெருங்காயம் போடுகிற கதைதான். சென்னை டிராஃபிக்கில் ஊர்ந்து ஊர்ந்து போகும் வண்டியில் ஆயில் சீக்கிரம் வேகும். 80 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்துப் பதினோரு டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. முதலில் ஆயிலை மாற்றுங்கள்.

அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் எல்லாம் வந்துவிடாது. ஏழு லிட்டர் பிடிக்கும் பாக்ஸில் மூன்று லிட்டர்தான் இறங்கும். மீதி கன்வெர்ட்டருக்குள் நிற்கும். ஆக, ஒரு முறை மாற்றினால் பாதிக்கு மேல் பழையதுதான். நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி, அப்புறம் இன்னொரு முறை. மூன்று முறை மாற்றினால் எண்பது சதவீதத்துக்குச் சற்று மேல் புது ஆயில் ஆகிவிடும். பாதி வண்டிகளுக்கு நடுக்கம் இதிலேயே போய்விடும், டியூப் தேவைப்படாது.

“பழைய ஆயிலை மாத்தினா பாக்ஸ் போயிடும்” என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. ஏற்கெனவே வழுக்கிக்கொண்டிருந்த பாக்ஸ்தான் அப்படிப் போகிறது. ஆயிலைத் தொட்ட மெக்கானிக் மேல் பழி விழுகிறது, அவ்வளவுதான்.

‘லைஃப்டைம் ஆயில்’ என்பதை நம்புவது

ஆயுள் முழுக்க மாற்றவே வேண்டாம் என்பார்கள். யாருடைய ஆயுள் என்று கேளுங்கள்.

லீக்கை நிறுத்தும் மருந்தால் எல்லா லீக்கையும் நிறுத்தப் பார்ப்பது

வயதாகி இறுகிப்போன ரப்பர் சீலை இது கொஞ்சம் ஊதவைத்து மிருதுவாக்கும். அந்த ஒரு வேலைக்கு, சொன்ன அளவில் ஊற்றினால் பரவாயில்லை. கிழிந்த சீல், வெடித்த ஹோஸ், தேய்ந்த ஷாஃப்ட் எதையும் இது ஒட்டவைக்காது. லீக் நிற்கவில்லையே என்று இரண்டாவது டப்பாவையும் ஊற்றினால், உள்ளே நன்றாக இருந்த சீல்கள் அளவுக்கு மீறி ஊறிப் பதம் கெட்டுவிடும். முதலில் அடியில் படுத்து, எங்கிருந்து வருகிறது என்று துணியால் துடைத்துப் பாருங்கள். சட்டை அழுக்காகும், வேறு வழியில்லை.

எல்லா ஆயிலையும் எல்லா வண்டிக்கும் பொருத்தும் மருந்து

கடையில் கிடைத்த ஆயிலோடு இதைக் கலந்தால் டொயோட்டாவின் டி-4 ஆகிவிடும், ஹூண்டாய்க்கான எஸ்பி-3 ஆகிவிடும் என்பார்கள். சரியான ஆயிலே லிட்டருக்குச் சில நூறு ரூபாய்தான். இதில் மிச்சம் பிடித்து என்ன செய்யப்போகிறீர்கள்?

சிவிடியில் ஊற்றுவது

கூடாது. சிவிடி என்பது கியர்களுக்குப் பதில் பெல்ட்டும் புல்லியும் வைத்த ஆட்டோமேட்டிக். அங்கே இரும்பு பெல்ட் புல்லியைப் பிடித்தால்தான் வண்டி நகரும்.

ஸ்ட்ராபெர்ரி மில்க்‌ஷேக் நிறத்தில் ஆயில் இருந்தால்

ரேடியேட்டர் தண்ணீர் கலந்துவிட்டது. வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

அந்தத் தம்பியின் ஐ10-க்கு வருகிறேன். ஒரு ரவுண்டு ஓட்டிச் சூடாக்கி, N-ல் நிறுத்தி, ஓடும்போதே டிப்ஸ்டிக்கை உருவச் சொன்னேன். நுனியில்கூட ஆயில் ஒட்டவில்லை. அடியில் படுத்துப் பார்த்தால் இடது பக்கம் டிரைவ் ஷாஃப்ட் சீல் கசிந்து, கியர்பாக்ஸ் ஓரம் முழுக்க மண்ணோடு அப்பிக் கிடந்தது. சீல் மாற்றினோம். எஸ்பி-3 ஆயில் முக்கால் லிட்டருக்குச் சற்று மேல் பிடித்தது. வாடை இல்லை, நிறம் இன்னும் சிவப்புதான், அவன் அதிர்ஷ்டக்காரன். பாடி ஏரியா வரைக்கும் போய்விட்டு வந்தோம், கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது.

கடைக்காரர் டியூப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டாராம். “நீங்களே வச்சுக்கோங்கண்ணா” என்று கொடுத்துவிட்டுப் போனான். சீல் உடையாமல் ஷெட் அலமாரியில் இருக்கிறது. நிஜமாகவே நடுங்குகிற வண்டி ஒன்று வரட்டும், பார்க்கலாம்.